ஆம்ப்–ஸ்பீக்கர் பொருத்தச் சூத்திரமும் விருத்தியுரையும்

இன்ன ஆம்புக்கு இன்ன ஸ்பீக்கர்
என்மனார் கடையில் இருந்துணர்ந் தோரே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பிராண்டோடு பிராண்டு பொருந்துமாறு உணர்த்துதல் நுதலிற்று.

‘என்மனார்’ என்று பிறர்மேல் வைத்துக் கூறியது, ஆசிரியர் தாம் கேட்டுப் பாராமையின்.

நெயிமுக்கு லின், மராண்ட்ஸுக்கு பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் என வரும். முன்னது 1970, 80-களில் பிரிட்டன் கடைகள் சேர்த்தே விற்ற வழக்கு. பின்னவை 2020-இல் ஒரே முதலாளியின்கீழ் வந்தமையின் உறவுமுறை. இரண்டிடத்தும் காது வேண்டப்படாமை அறிக.

‘மராண்ட்ஸ் ஒலி வெதுவெதுப்பானது’ என்புழி வெதுவெதுப்பு யாதோ எனின், மேல்மூடியைத் தொட்டறியும் சூடு என்பார் ஒரு சாரார். பொன்னிற முகப்பைக் கண்டறிவது என்பார் மற்றொரு சாரார். கேட்டறிவது என்பார் உளரேல் அவர் உரை கிடைத்திலது.

வாட்: இருமடங்கானால் 3 டெசிபல் கூடும். அவ்வளவே.

இனி, ‘ஓம்’. நூலின் உயிர்நாடி இதுவே. 1827-இல் தம் விதியை வெளியிட்ட ஜெர்மானியர் ஜியார்க் ஓமின் பெயர் இது என்பது பாமரர் கொள்கை. பிரணவமே என்பது நம் துணிபு. 8 ஓம் ஸ்பீக்கர் எட்டெழுத்து, ஆகவே வைணவம். 6 ஓம், ஐந்தெழுத்தோடு பிரணவம் கூடியது, ஆகவே சைவம். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ முதலில் 15 ஓம், பின்னர் 11 ஓம். தயாரிப்பில் நேர்ந்த மாற்றம் என்பர் பொறியாளர், பாடபேதம் என்க. அபோஜி சின்டில்லாவோ 1 ஓம். ஏகம், எனவே அத்வைதம். பல ஆம்புகள் அதன்முன் மூச்சடைத்து நிற்க, கிரெல் தாங்கிப் பெயர் பெற்றது. ஓம் குறையக் குறைய மின்னோட்டம் மிகுதியாக வேண்டும். கிரெல்லின் பவர் சப்ளை அதனைத் தந்தது. இப்பொருத்தம் மெய். எனினும் பெயர்ப்பலகையால் அன்றி மின்னோட்டத்தால் அமைந்தமையின் நம் கோட்பாட்டுக்கு உதவாது, விலக்குக.

1987-இல் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ், எந்த ஆம்ப் பாடுகிறது என்று சொல்லாமலே பலரைக் கேட்கவைத்தது. மலிவானது எது, விலை கூடியது எது என்று அவர்களால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. இப்பகுதி இடைச்செருகல். எற்றால் பெறுதும் எனின், நம் கருத்துக்கு முரணாகலின். தமிழாய்வில் இம்முறை நன்கு தேறியது. முனைவர் பட்டங்கள் சில இதன்மேல்தான் நிற்கின்றன.

சூத்திரப்படி வாங்கிய ஜோடி ஒன்று அடியேன் இல்லத்தும் உண்டு. பேஸ் சற்றே மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அறையெங்கும் பரந்து நின்றது. இவ்விரு பிராண்டுக்கே உரிய இணைவு நயம் என ஆறு மாதம் குறிப்பெடுத்தோம். பின்னர், தூசி தட்ட வந்த மைத்துனன் இடப்பக்க ஸ்பீக்கரில் சிவப்பு வயர் கறுப்பிலும் கறுப்பு வயர் சிவப்பிலும் மாட்டியிருப்பதைக் காட்டினான்.

அக்குறிப்புகளே இந்நூலின் இரண்டாம் இயல். அச்சில் உள்ளது.