எண்ணெய் குடிக்கும் கட்டுரை

டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. கடைக்காரர் நாளிதழைக் கிழித்து, அதில் வைத்து ஓர் அழுத்து அழுத்திக் கொடுத்தார். தின்றபடியே படித்தால், உணவுப் பாதுகாப்புக் கட்டுரை! அச்சு மை உடம்புக்குக் கேடு, செய்தித்தாளில் பலகாரம் மடிக்காதீர்கள் என்று 2016-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எச்சரித்துவிட்டதாம். பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாதாம். அடுத்த வரி என்னவோ, அதே எண்ணெய் ஊறி அழிந்துவிட்டது.

"அண்ணே, இதைப் படிச்சீங்களா?"

எட்டிப் பார்த்தார். "அருமையான தாள் தம்பி, எண்ணெயை அப்படியே குடிச்சிடும். ஞாயித்துக்கிழமை வர்ற வழவழ இணைப்புதான் எதுக்கும் உதவாது."