கேட்பவர்களின் கைராசி

புளியஞ்சோலை ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, ‘பாட்டு வேறு, அரசியல் வேறு’ என்று ஞானம் பேசுகிறவர்கள் தலைக்குமேல் நிற்கும் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கலாம். அது கொல்லிமலை, வல்வில் ஓரி என்ற சங்ககாலக் குறுநில மன்னனின் மலை. அவனிடம் யானையும் நகையும் வாங்கிய பாணர்கள், பசி தீர்ந்த நிறைவில் ஆடவும் மாட்டாமல் பாட்டையும் மறந்துபோனார்கள் என்கிறது புறநானூறு. அதைப் பாடிய வன்பரணர் புகழ்ச்சியாகத்தான் சொன்னார், பாவம். அந்த ஓரியைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. அவனைப் பாடக் கபிலரே இருந்தார். செத்தவனுக்கும் பாட்டு, கொன்றவனுக்கும் பாட்டு. இசைக்கு அரசியலே கிடையாதாம்!

இந்தக் காலத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினார் இளையராஜா. ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் ஆனார். சிறுவயதில் அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது அவர் பாடு. எனக்கு எரிச்சல் நம் ஜனங்கள்மேல்தான். முன்னுரையை மறுக்க வக்கில்லாத சில முற்போக்குகள் அவருடைய சாதியைத் தேடிப்பிடித்து ஏசின. ‘அம்பேத்கரை அவமதித்துவிட்டார்’ என்று சொல்லிக்கொண்டே! எதிர்க்கூட்டமோ, ‘அது அவர் சொந்தக் கருத்து, நீங்கள் பாட்டை மட்டும் கேளுங்கள்’ என்று பரந்த மனதோடு உபதேசம் செய்தது.

அந்தப் பரந்த மனது இரண்டே வருடம்தான் தாங்கியது. 2024 மார்ச்சில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருதை அறிவித்தது. அவர் பெரியாரைப் போற்றுகிறவர் என்பதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி, பாடகிகளான ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள் அகாடமியின் அந்த வருட மாநாட்டிலிருந்து விலகினார்கள். விலகட்டும், அது அவர்கள் உரிமை. அதற்குக் கைதட்டிய ரசிக சிகாமணிகளைத்தான் கேட்கிறேன்: ‘கருத்து வேறு, பாட்டு வேறு’ என்ற உங்கள் பழைய உபதேசம் எங்கே ஐயா? தோடியை அவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டா பாடினார்?

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வயிறு எரிகிறது. 2018. இசையுலகப் பெண்கள் பாலியல் சீண்டல்களை வெளியே சொன்ன வருடம். புகார்களுக்குப் பிறகு அகாடமி அந்த சீசனிலிருந்து ஏழு பேரை நீக்கியது. அப்போது சபா கேன்டீனில் காபியை ஆற்றிக்கொண்டே என்ன பேசினார்கள் தெரியுமா? ‘வித்வத்தைப் பாருங்கோ ஸார், மத்ததெல்லாம் பர்சனல்.’ ஒருவன் கை போன இடத்தை ராகத்திலிருந்து கத்தரித்து எடுத்துவிட முடிகிறது. பெரியாரை மட்டும் எடுக்க முடியவில்லை, அவ்வளவு கெட்டியாக ஒட்டிக்கொள்கிறார்!

நான் பிரிப்பதில்லை. அந்த முன்னுரையைப் படித்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ராஜாவின் பாட்டைக் கேட்டால் உருகவும் செய்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றைக் கழுவிவிட எனக்கு அவசியமில்லை.

அந்த 2018இல் வாய் திறந்த பாடகி சின்மயி, நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அதற்குச் சொல்லப்பட்ட காரணம், சந்தா பாக்கி. கலையையும் கலைஞரையும் பிரிப்பது எப்படி என்று எனக்கு வகுப்பெடுக்க வருகிறவர்கள், முதலில் அந்தச் சந்தாவைக் கட்டிவிட்டு வரட்டும்.