வேட்டையபுரத்துப் பட்டுச்சேலை

பேய்ப்படத்தின் கதைப்பொத்தல், அதாவது கதை தானே வகுத்துக்கொண்ட விதியைத் தானே மீறும் இடம், பேயை நம்பாதவர் கண்ணில்தான் முதலில் படும் என்பது பொதுவான எண்ணம். 2005ஆம் ஆண்டு பி. வாசு இயக்கத்தில் வெளிவந்த 'சந்திரமுகி'யைப் பற்றி, ஆரணிக் குழித்தறி ஒன்றின் ஓரமாக நிகழ்வதாகப் புனையப்பட்ட இவ்வுரையாடலில் நிலைமை தலைகீழ். நெசவாளர் பேயை மனமார நம்புபவர், பொறியியல் பட்டதாரி துளியும் நம்பாதவர், ஆயினும் படத்துக்காக வாதாடுபவர் பட்டதாரியே.

பட்டதாரி: அது பேய்ப்படமே அன்று, ஐயா. நாட்டியக்காரி சந்திரமுகியின் கதையைக் கேட்ட கங்கா தன்னையே அவளாக எண்ணிக்கொள்கிறாள். ஒரே உடலில் இருவேறு ஆளுமைகள் மாறி மாறித் தலைதூக்கும் அந்த நோயை மனநல மருத்துவர் சரவணன் கண்டறிந்து தீர்க்கிறார்.

நெசவாளர்: நோய் என்றால் நோயாகவே இருக்கட்டும், தம்பி. கணவன் கண்ணெதிரே கட்டிலைத் தூக்கி நிறுத்தும் வலிமை எந்த நோயில் வருகிறது? பேய் என்றால் கேள்வியே எழாது. பேயை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, அதன் பலத்தை மட்டும் கைவசம் வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

பட்டதாரி: வெறி மிகும்போது வலிமையும் மிகுவதுண்டு.

நெசவாளர்: எதற்கு வந்தது என்று எவரும் சொல்லாத அந்தப் பெரும்பாம்புக்கும் அதே நோயா?

பாம்பைப் பற்றிப் பட்டதாரியிடம் விடை இல்லை. திரைக்கதையிடமும் இல்லை என்பதால் அவரைக் குறைசொல்ல இயலாது. நெசவாளர் தம் தொழிலுக்கு வந்தார்.

நெசவாளர்: நூறாண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த அறையில் நாட்டியக்காரியின் ஆடை அணிகள் நேற்றுக் கடையில் எடுத்தவைபோல் மின்னுகின்றன. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைத் தகடாக்கிச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. முலாம் தேய்ந்த இடத்தில் காற்றுப் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். மடித்தது மடித்தபடியே கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுவிடும் என்பதால்தான் வீட்டுப் பெண்கள் அவ்வப்போது சேலையை எடுத்து நிழலில் உலர்த்தி மடிப்பை மாற்றி வைக்கிறார்கள். அந்த அறையில் மடிப்பை மாற்றியது யார்? பேய் மாற்றியது என்று சொன்னால் ஏற்கலாம். பேயே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் கங்கா தொட்டவுடன் சேலை கந்தலாகியிருக்க வேண்டும், படமும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பூசிமலைக்குப்பத்துக் காட்டில் ஆரணி ஜாகிர்தார் கட்டிய மாளிகையே இடிந்து கிடக்கிறது. படத்தில் வரும் வேட்டையபுரத்து அரண்மனையிலோ சேலைகூட நலுங்கவில்லை.

பட்டதாரி: கலைக்கு இத்தகைய சலுகை உண்டு, ஐயா. இதே கதை 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படமாகவும், பின்னர்க் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், இந்தியில் 'பூல் புலையா'வாகவும் வென்றிருக்கிறதே.

நெசவாளர்: அங்கேதான் பெரும்பொத்தல். மலையாளத்தில் அவள் தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசி மிரட்டுகிறாள், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கு பேசுகிறாள், இந்தியிலோ வங்காளி. சொந்த மொழியில் மிரட்டும் நாட்டியக்காரி ஒரு மாநிலத்திலும் பிறக்கவில்லையா? அச்சம் எப்போதும் எல்லை தாண்டியே வர வேண்டுமானால், ஆந்திரத்து அரண்மனைகள் எல்லாம் நிம்மதியாக உறங்கும் போலிருக்கிறது.

பட்டதாரி: பொத்தல் இத்தனை இருந்தும் சென்னை சாந்தி திரையரங்கில் இரண்டாண்டுக்கு மேல் ஓடியதே!

நெசவாளர்: படத்தைத் தயாரித்தது சிவாஜி புரொடக்‌ஷன்ஸ், சாந்தி திரையரங்கும் அப்போது சிவாஜி குடும்பத்துடையதாகவே இருந்தது. சொந்தத் தறியில் சொந்தப் பாவு எத்தனை நாள் கிடந்தாலும் இறக்கச் சொல்வார் யார்?

இவ்வாதம் படத்துக்குச் சற்று அநீதியானதே, ஏனெனில் பிற அரங்குகளிலும் மக்கள் திரண்டு பார்த்த படம் அது. ஆயினும் சினந்துபோன பட்டதாரி அந்த நியாயத்தை எடுத்துரைக்க மறந்து, நோய் குணமானதோடு கதையும் ஐயமின்றி முடிந்துவிட்டது என்றார்.

நெசவாளர்: முடிந்ததா? 2023இல் அதே இயக்குநரே 'சந்திரமுகி 2' எடுத்தாரே! கங்காவின் நோய் தீர்ந்தபின் வேறொரு பெண்ணைப் பிடித்தது எது? தொற்றுநோயா?

பட்டதாரி: அதில்... உண்மையாகவே ஆவி வருகிறது, ஐயா.

நெசவாளர்: பதினெட்டு ஆண்டு கழித்தாவது ஒப்புக்கொண்டார்களே! அதிலும் சந்திரமுகியாக வந்தவர் இமாச்சலத்துக் கங்கனா ரணாவத். மூன்றாம் பாகத்துக்குப் பேயைக் கூட்டிவரக் கடவுச்சீட்டு எடுக்க வேண்டியிருக்கும், தம்பி.