மிதவைக்கு வாய்த்த உத்தியோகம்

பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, சமுத்திரத்தின் உஷ்ணத்தையும் உப்பையும் அளந்து, மேலே வந்து செயற்கைக்கோளிடம் கணக்கு ஒப்புவித்துவிட்டு மறுபடியும் மூழ்கிவிடும் ஆர்கோ மிதவை என்னும் ஜடப்பொருளுக்கு, பாட்டரி தீரும்வரை, அதாவது நான்கைந்து வருஷங்களுக்கு, உத்தியோகம் நிச்சயம். அது அனுப்பும் எண்களை ஆராய்ந்து, 2100-ஆம் ஆண்டில் கடல் எவ்வளவு உயரும் என்று உரைக்கவேண்டிய, டாக்டர் பட்டம் பெற்ற இளம் விஞ்ஞானிக்கோ பெரும்பாலும் இரண்டொரு வருஷ ஒப்பந்தந்தான். அதிலும் பிற்பாதி, அடுத்த ஒப்பந்தத்துக்கு விண்ணப்பம் எழுதுவதிலேயே கழிந்துவிடுகிறது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டைச் சமுத்திர விஞ்ஞானத்துக்கென அர்ப்பணித்த ஐக்கிய நாடுகள் சபையின் புண்ணியத்தில், பயிற்சிப் பட்டறைக்கும், மாநாட்டில் போஸ்டர் மாட்டி அருகே நிற்கும் பாக்கியத்துக்கும் குறைவில்லை. குறைவெல்லாம் சம்பளத்தோடு கூடிய நிரந்தர வேலைக்குத்தான். கனவான்களே, வாய்ப்புகளை வழங்கியது போதும். இனி வேலையை வழங்குங்கள்.