வாடகைக்கு மட்டும் மாநகரம்

2025 நவம்பரில் கோயம்புத்தூரின் மெட்ரோ ரயில் திட்டத்தை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கைப்படி ஊரில் 20 லட்சம் பேராவது இருக்க வேண்டுமாம். 2011 கணக்கெடுப்பின்படி கோவை மாநகராட்சியில் இருப்பது 15.84 லட்சம் பேர்தானாம். மதுரைக்கும் அதே பதில். கட்சிக்காரர்கள் அறிக்கை விட்டார்கள், ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள், தொலைக்காட்சியில் தொண்டை வறளப் பேசினார்கள். ஊரில் ஒரே ஒரு வர்க்கம் மட்டும் இதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. வீட்டுக்காரர்கள்.

அவர்களைப் பொறுத்தவரை கோவை என்றைக்கோ மாநகரமாகிவிட்டது. பதினான்கு வருடப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு டெல்லி தடுமாறுகிறது. சரவணம்பட்டியில் மூன்று மாடி கட்டி வாடகைக்கு விட்டவரோ போன மாதக் கணக்கையே விரல் நுனியில் வைத்திருக்கிறார். ‘டூ லெட்’ பலகை மாட்டிய அன்று எத்தனை போன் வந்தது, அதில் எத்தனை பேர் தம்பதி, எத்தனை பேர் பேச்சிலர், எத்தனை பேர் பேரம் பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இவர்கள் கையில் ஒப்படைத்திருந்தால் 2027 வரை நாடு காத்திருக்க வேண்டியிருக்காது.

கோவை சின்ன ஊர்தான் என்று சான்றிதழ் கொடுப்பதில் அரசாங்கத்துக்குச் சலிப்பே கிடையாது. வருமான வரியில் வாடகைப்படிக்கான விலக்கு, சென்னையில் குடியிருந்தால் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, கோவையில் 40தான். ஒன்றிய அரசு ஊழியர் சென்னையில் இருந்தால் வாடகைப்படி 30 சதவீதம். கோவை ‘ஒய்’ பிரிவு நகரம் என்பதால் 20. சின்ன ஊர், சின்ன வாடகை என்று அந்தக் கோப்புகள் மனதார நம்புகின்றன. கம்பெனிகளும் நம்புகின்றன. “கோயம்புத்தூர்ல செலவு கம்மிதானே, சென்னைச் சம்பளம் எதுக்கு?” என்று நேர்முகத் தேர்விலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

ஆகவே இந்த ஊர்க்காரன் ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களில் வாழ்கிறான். சம்பளம் வாங்கும்போது இரண்டாம் நிலை நகரத்துக் குடிமகன். ஐந்தாம் தேதிக்குள் வாடகை அனுப்பும்போது மாநகரவாசி. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நகைக்கடன் வைத்து நிரப்பிக்கொள்கிறான்.

இவ்வளவு வாடகை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். “ஏனுங் தம்பி, கோயமுத்தூர் கிளைமேட்டு வேற எங்கீங்க கெடைக்கும்? சிறுவாணித் தண்ணி. மரியாதையான சனம். இந்தா, பாலம் வேற வந்துருச்சு.” விற்பனைப் பட்டியல் பிரமாதம். இதில் எதுவும் அவருடைய சரக்கு இல்லை என்பதுதான் விசேஷம்.

முதலில் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலைகள் அனுப்பிவைக்கிற காற்று அது. அதை இவர் என்ன செய்தார்? பக்கத்து மனைச் சுவருக்குக் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜன்னல் வைத்தார். திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய் தெரியும். காற்று வரும் வழியை அடைத்துவிட்டுக் காற்றுக்கு வாடகை கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருக்கிறது.

அடுத்து சிறுவாணி. அந்த அணையே கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய நல்ல தண்ணி, கீழே இருக்கும் ஓனர் வீட்டுத் தொட்டியோடு நின்றுவிடும். மாடிக்கு ஏறுவது போர் தண்ணி. குடிவந்த மூன்றாவது மாதம் குளியலறையைப் பாருங்கள்: பக்கெட்டின் விளிம்பில் வெள்ளை வளையம், ஷவரின் ஓட்டைகளில் பாதி உப்பு அடைத்து நீர் நாலா பக்கமும் கோணலாகப் பீய்ச்சும், குழாய்த் திருகில் சுண்ணாம்பு பூத்திருக்கும். சீப்பில் முடி. 24 மணி நேரக் குடிநீருக்காக 2018இல் மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது, குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டினார்கள். தண்ணீர் முழுநேரமும் வருவதற்குள் வாடகை முழுநேரமும் ஏறத் தொடங்கிவிட்டது.

பிறகு பாலம். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி. நாயுடு பெயரில், 2025 அக்டோபரில் திறந்தார்கள். நல்ல விஷயம். கட்டியது யார் பணம்? பெட்ரோலுக்கும் பிஸ்கட்டுக்கும் நாம் கட்டிய வரி. அந்தப் பாலத்துக்கு ஒரு சட்டி கலவை தூக்காதவர், ரிப்பன் வெட்டிய மாதமே வாடகையை ஏற்றுகிறார். “இங்கிருந்து டவுனுக்குப் பத்தே நிமிசமுங்க” என்கிறார். நாம் வரி கட்டி ஊரை உயர்த்துகிறோம். உயர்ந்த ஊரில் குடியிருந்த குற்றத்துக்காக மாதாமாதம் அபராதம் கட்டுகிறோம். ஒரே பாலத்துக்கு இரண்டு முறை காசு. சுங்கச்சாவடிக்காரன்கூட ரசீது கொடுப்பான்.

அவர் தரப்பு நியாயம் ஒன்று உண்டு: “சொத்து வரி ஏறிப்போச்சுங்க.” உண்மை. 2022இல் ஏறியது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம். ஆனால் அது வருடத்துக்கான வரி. வருட வரியில் ஏறிய தொகையை மாத வாடகையில் ஏற்றிக்கொள்ளும் கணிதத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பதுதான் தெரியவில்லை. அடுத்த நியாயம்: “லோன் கட்டணும்லீங்க.” கட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு நீங்கள் வாங்கிய கடனை நான் அடைக்கிறேன்; இருபது வருடம் கழித்து வீடு உங்களுக்கு, ரசீது இல்லாத நினைவுகள் எனக்கு. வாடகையை நம்பியே மருந்து வாங்கும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வருடக்கணக்காக ஒரே குடித்தனத்தை வைத்துக்கொண்டு ஐந்நூறு ஏற்றவே தயங்குவார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது அல்ல.

‘மார்க்கெட் ரேட்’ என்று ஒரு மந்திரமும் இருக்கிறது. தேவை கூடினால் விலை கூடும், அது பொருளாதார விதி, யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். அந்தச் சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். கணபதியில் ஒரு வீடு. பலகையைப் பார்த்து ஏறியவர் தேனிப் பக்கத்து இளைஞர், மனைவி கைக்குழந்தையோடு கீழே நிற்கிறார். வாடகை பேசியாயிற்று. அட்வான்ஸும் சம்மதம். அதன் பிறகுதான் அசல் பேரம்.

“சொந்த ஊரு எதுங்க?”

“தேனிப் பக்கங்க.”

“அது செரீங்க. நீங்க... என்ன ஆளுங்க?”

பதில் வருகிறது. ஓனர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். “எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போன் பண்றனுங்க.” அந்தப் போன் வரவே வராது. வந்தவர் முஸ்லிம் என்றால் வசனம் கொஞ்சம் மாறும்: “அக்கம்பக்கத்துல ஒரு மாதிரி பேசுவாங்க பாருங்க.” தனியாக வேலை பார்க்கும் பெண் என்றால் அப்பா எங்கே, அண்ணன் எங்கே, ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய். கறி சமைப்பவர் என்றால் பலகையே பதில் சொல்லிவிடும்.

பணத்துக்குச் சாதி இல்லை என்பார்கள். அட்வான்ஸுக்கு உண்டு. சாதி கேட்டு விற்கிற இடத்துக்குச் சந்தை என்று பெயர் வைத்ததே முதல் மோசடி. நல்ல தெருவில் கதவு சாத்தப்பட்டவன் கெட்ட தெருவில் கூடுதல் வாடகைக்கு ஒதுங்குகிறான். அதுவும் ‘மார்க்கெட் ரேட்’ கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தகரக் கூரை; நமக்குச் சதுர அடிக் கணக்கு என்றால் அவர்களுக்குத் தலைக் கணக்கு. பட்டியில் ஆடு எண்ணுவது போல எண்ணி வசூலிக்கிறார்கள். மரியாதையான சனம்!

சாதித் தேர்வில் தேறி உள்ளே வந்தவருக்குப் பணத் தேர்வு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம். ஆனால் உங்கள் போர்ஷனில் இருப்பது சப் மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய். அரசாங்கத்தின் இலவசம் ஓனருக்கு, இலவசத்தால் மக்களைக் கெடுக்கிறார்கள் என்ற வசையும் ஓனருக்கே சொந்தம். ஆணி அடிக்கக் கூடாது. காலி பண்ணும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குக் கழியும். அடுத்து வருபவரும் அதே பழைய சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பால் காய்ச்சுவார். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரி விலக்கு கேட்க ஓனரின் பான் எண் வேண்டும். கேட்டுப் பாருங்கள். சாதியைக் கூச்சமில்லாமல் கேட்டவர், பான் எண்ணை அந்தரங்கம் என்பார்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017இல் புதிய சட்டம் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பழையதில் ‘நியாய வாடகை’ என்று ஒரு சொல்லாவது இருந்தது. புதியதில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டதுதான் வாடகை. வெயிலில் குழந்தையோடு நிற்பவனும் மூன்று மாடிக்குச் சொந்தக்காரரும் சரிசமமாக உட்கார்ந்து ஒத்துக்கொள்வார்களாம். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்றும் எழுதினார்கள். எழுதிய கையோடு, வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர என்று ஒரு வாலையும் ஒட்டினார்கள். அந்த வால்தான் இன்று பத்து மாத அட்வான்ஸாக ஆடுகிறது. வாடகையை ஏற்ற மூன்று மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நடைமுறையில் இருபத்தெட்டாம் தேதி இரவு வாட்ஸ்அப் வரும்: அடுத்த மாசத்துலிருந்து ரெண்டாயிரம் சேர்த்துப் போடவும். பக்கத்தில் கும்பிடு போடும் இரண்டு கைகள்.

“ஐ.டி.காரங்க குடுக்கறாங்கல்ல?” என்பது இறுதி வாதம். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான் இன்றும் சம்பளம். பத்து வருடத்துக்கு மேலாக அந்த எண் பெரிதாக அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடித்து அந்த வாடகையைத் தருகிறார்கள். அதையே விலையாக வைத்து, லேத் பட்டறைக்காரரிடமும் தனியார் பள்ளி ஆசிரியையிடமும் செவிலியரிடமும் கேட்கிறார்கள். 1888இல் முதல் பஞ்சாலை வந்தது முதல் தொழிலாளியின் உழைப்பில் எழுந்த ஊர் இது. ஒன்றிய அரசின் என்.டி.சி. மில்கள் 2020 ஊரடங்கில் கதவை மூடியதோடு சரி. அந்தத் தொழிலாளி வாழ்ந்த லைன் வீட்டுக்கு இப்போது டைல்ஸ் ஒட்டி ‘ஸ்டுடியோ’ என்று பெயர் வைத்தாயிற்று. அவர் அன்னூருக்கும் சூலூருக்கும் அப்பால் தள்ளப்பட்டு, வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் பங்கில் கொடுக்கிறார். மெட்ரோதான் இல்லையே.

அப்படியானால் இந்த வாடகை கொடுக்கத் தகுந்ததா? “சென்னையைவிடக் கம்மிதானே” என்பவர்களுக்கு ஒரே பதில்: சென்னையில் ஒரு வேலை போனால் மறுவாரம் இன்னொன்று தேடலாம், மின்சார ரயிலும் மெட்ரோவும் இருப்பதால் வண்டி இல்லாமலும் பிழைக்கலாம். மாநகரத்தின் விலையில் மாநகரத்தைத் தருகிறார்கள். இங்கே விலையை மட்டும் தருகிறார்கள். தகுதியில்லாத வாடகை இது. கொடுக்கிறோம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது; தெருவில் படுக்க முடியாது என்பதால் கொடுக்கிறோம்.

இதைத் தடுக்க வேண்டியவர்கள் ஏன் வாயைத் திறப்பதில்லை? வார்டு கவுன்சிலரில் தொடங்கி மேலே எண்ணிக்கொண்டே போங்கள், எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொரு காரணமும் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தக்காரனுக்கு ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. 2025 இறுதியில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது ‘இடம் மாறியவர்’ என்று லட்சக்கணக்கான பெயர்கள் நீங்கின. ஓட்டில்லாதவனுக்காக எந்தக் கட்சி வாடகைக்கு உச்சவரம்பு கேட்கும்? சட்டத்தின் வாலை எது வெட்டும்? சாதி கேட்பவருக்கு அபராதம் என்று எது தேர்தல் அறிக்கையில் எழுதும்?

ஆகவே வாடகைக்காரர்களே, ஓனர் முன்னால் குழைந்தது போதும். வாடகையை வங்கி வழியாக அனுப்புங்கள், ரசீது கேளுங்கள், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் உயர்வுக்கு எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வாடகை கட்டுகிற இதே முகவரியில் உங்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏற்றுங்கள். கும்பிடு போட்டு வருகிற அடுத்த ஆள் வேட்பாளராக இருப்பார். அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய அட்வான்ஸ் நிறைய பாக்கி இருக்கிறது.