ஆண்டு கேட்டால் ஆண்டவரே சிரிப்பார்!

கேள்வி: வேதாகம வினாடி வினாவில் இயேசு பிறந்த ஆண்டு கேட்டார்கள். ‘கி.பி. 1’ என்றேன். தவறாம்!
– கோப்பையைக் கோட்டைவிட்டவர், பாளையங்கோட்டை

பதில்: பழி உம்மேல் இல்லை ஓய், தியோனிசியுஸ் என்ற துறவிமேல். கி.பி. என்பதே 525-இல் அவர் போட்ட கணக்கு. ஏரோது மன்னனோ கி.மு. 4-லேயே கண்ணை மூடிவிட்டான் என்கிறார்கள் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள். கொல்லத் தேடியவன் செத்த பிறகா குழந்தை பிறக்கும்? ஆக, கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன்!

கேள்வி: கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவே?

பதில்: ஒரு இரவு. பூஜ்ய ஆண்டே கிடையாது. பாவம், ரோமானிய எண்களில் அதற்கு எழுத்தும் இல்லை.

கேள்வி: உலகம் படைக்கப்பட்ட தேதியை யாராவது சொல்லியிருக்கிறார்களா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், 1650-இல். கி.மு. 4004 அக்டோபர் 23, ஞாயிறு. தொடக்கம் முந்தின நாள் மாலை. சனிக்கிழமை மாலை என்பதால் ராகு காலத்துக்குத் தப்பினோம்.

கேள்வி: மெத்தூசலா எப்போது செத்தார்?

பதில்: ஆதியாகமத்தையும் ஒரு பென்சிலையும் எடும். லாமேக்கைப் பெற்றபோது வயது 187. லாமேக்கு நோவாவைப் பெற்றது 182-இல். நோவாவின் 600-ஆம் வயதில் வெள்ளம். கூட்டினால் 969. தாத்தாவின் மொத்த ஆயுளும் அதே! வெள்ளத்துக்கு முன் போனாரா, வெள்ளத்தோடு போனாரா என்று வேதம் வாய் திறக்கவில்லை. பேரன் பேழையில் இடம் போடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கேள்வி: அவிலா தெரேசா 1582 அக்டோபர் 4 இரவு இறந்தாராம், மறுநாள் அடக்கம், அக்டோபர் 15-ஆம் தேதியாம். அச்சுப் பிழையா?
– மறைக்கல்வி மாணவன், திருச்சி

பதில்: நாட்காட்டிப் பிழை, தம்பி. அதைத் திருத்தத்தான் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி அந்த ஒரே ராத்திரியில் பத்து நாளை விழுங்கினார். ‘பாப்பரசர் சொல்லி நாங்கள் கேட்பதா?’ என்று இங்கிலாந்து 1752 வரை முறைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் வழிக்கு வந்தபோது 11 நாள் போயிற்று. அசல் பத்து, வட்டி ஒன்று.

கேள்வி: நீண்ட பாப்பரசர் தேர்தல் எது?

பதில்: இத்தாலியின் விட்டர்போ. 1268-இல் கூடியவர்கள் 1271-இல்தான் பெயர் சொன்னார்கள். ஊரார் பொறுமை இழந்து கூரையைப் பிரித்ததாகச் சொல்வார்கள். தேர்வான பத்தாம் கிரகோரி 1274-இல் சட்டமே போட்டார்: மூன்று நாளில் முடியாவிட்டால் வேளைக்கு ஒரே பதார்த்தம், மேலும் ஐந்து நாள் போனால் ரொட்டி, தண்ணீர், திராட்சரசம். பரிசுத்த ஆவிக்குத் துணையாகப் பசி!

கேள்வி: சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-ஆ, 1715-ஆ? நடுவரோடு சண்டையே வந்துவிட்டது.

பதில்: இருவரும் கை குலுக்குங்கள். தரங்கம்பாடி அச்சகத்தில் சுவிசேஷங்களும் நடபடிகளும் 1714, மிச்சம் 1715. அதற்கு முன்னமே, 1578-இல், கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிவிட்டது. அடுத்த சண்டைக்கு வைத்துக்கொள்ளும்.

கேள்வி: இரண்டாம் வருகையின் தேதி?
– அவசரக்காரர், ஆவடி

பதில்: 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் மில்லர் கூட்டத்தார் காத்திருந்தார்கள். அஷர் கணக்குப்படி அது உலகத்தின் பிறந்தநாள் மாலை! கேக் வெட்ட ஆள் வரவில்லை, 23 வந்தது. இந்தக் கேள்விக்கு மட்டும் ‘பாஸ்’ சொல்லும். மத்தேயு 24:36-ஐ நீட்டினால் நடுவர் முழு மதிப்பெண் தந்தாக வேண்டும்.