வீட்டு வசதியும் பறவை ஆயுளும்: ஓர் எதிர்விகித ஆய்வு

வெயில், மழை, கள்வர், கொசு ஆகிய நான்குக்கும் தப்பிக்கவே மனிதன் வீடு கட்டினான். தப்பித்த பிறகு பொழுது போகாமல் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கிவந்து ஹாலில் மாட்டினான். இல்லற வரலாற்றின் இந்த இரண்டாம் கட்டம் அறிஞர் கவனத்தை இன்னும் போதிய அளவு பெறவில்லை. வீட்டுக்கு எவற்றால் கேடு என்று வாஸ்து நூலார் முதல் இன்ஷூரன்ஸ் முகவர் வரை பலரும் விரித்துரைத்திருக்கிறார்கள். வீட்டால் எவற்றுக்குக் கேடு என்று கேட்டவர் சிலரே. அக்குறையைக் களையப் புகும் இவ்வாய்வு நிறுவ முயலும் விதி ஒன்றுதான்: ஒரு வீட்டில் வசதி பெருகப் பெருக, அவ்வீட்டுப் பறவையின் ஆயுள் அபாயத்துக்கு உள்ளாகும். இதைச் சொகுசு விதி என்று குறிப்போம். மறுப்பாளர்களுக்குப் பிற்பகுதியில் தனியிடம் ஒதுக்கப்பட்டுள்ளது, அதுவரை பொறுத்தருள்க.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்பது மரபு. சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜரிகர். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த இச்சிறுகிளியை, பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840இல் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனார். பிறகு அது உலகத்து வராந்தாக்களுக்கெல்லாம் பரவியது. எடை 30 முதல் 40 கிராம். நம்மூர்ப் பச்சைக்கிளி இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை; 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம் என்பதால், குற்றத்துக்குப் பராமரிப்புக் குறிப்பு எழுதுவது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. இனி, உடலமைப்பு. நாம் இழுக்கும் மூச்சு போன வழியே திரும்பி வருகிறது. பறவைக்கு அப்படியில்லை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் இருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்று ஒரே திசையில் நுரையீரலைக் கடக்கிறது. பறப்பதற்காக இயற்கை தந்த இந்த ஏற்பாடு, காற்றில் நஞ்சிருந்தால் அதையும் அதே திறத்தோடு ரத்தத்தில் சேர்த்துவிடும். நச்சுக்காற்று மனிதரைவிடச் சிறு உயிரை முந்தி வீழ்த்தும் என்பதறிந்தே உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கானரிப் பறவையை எடுத்துச் செல்லுமாறு பரிந்துரைத்தார். பிரிட்டனில் அவ்வழக்கம் 1986இல்தான் முடிவுக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளி பறவையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை; அது கம்பியிலிருந்து சாய்ந்தால் வெளியே ஓடினான். குடும்பத் தலைவரோ சீரியலை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

முதற் சான்று சமையலறை. வேதியியலாளர் ராய் பிளங்கெட் 1938இல் தற்செயலாகக் கண்டறிந்த ஒரு பொருள், டெஃப்லான் என்ற பெயரில் தோசைக்கல்லில் ஏறி, எண்ணெய்ச் செலவைக் குறைத்தது. மாவு ஊற்றிச் சுடும் வரை அது சாது. ஆனால் வெறுங்கல்லை அடுப்பில் ஏற்றி, போன் வந்ததென்று பால்கனிக்குப் போய்விட்டால், சில நிமிடங்களில் அது 260 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பூச்சு சிதைந்து கண்ணுக்குத் தெரியாத வாயுக்களும் நுண்துகள்களும் கிளம்புகின்றன. அதிகம் சுவாசித்த மனிதருக்குக் குளிர் காய்ச்சலும் இருமலும் வந்து ஓரிரு நாளில் சரியாகும். அடுத்த அறையில் இருக்கும் கிளியோ நிமிடக் கணக்கில் நுரையீரலில் ரத்தம் கசிந்து இறந்துபோகும். கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்து, ‘சுர்’ரென்ற சத்தத்தைக் கேட்டுப் பதம் அறிகிற நம் மரபு இரும்புக்கல்லுக்கு உரியது. அக்கல்லில் தோசை ஒட்டும்; கிளி பிழைக்கும். ஒட்டாத தோசை வேண்டுமென்ற ஆசையில்தான் ஆபத்து தொடங்குகிறது. சொகுசு விதிக்கு இதைவிடத் தூய சான்று கிடைப்பது அரிது.

இரண்டாம் சான்று மின்விசிறி. 1200 மில்லிமீட்டர் வீச்சுள்ள சாதாரண சீலிங் ஃபேன் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 79 கிலோமீட்டர். பேருந்து இந்த வேகத்தில் தெருவுக்குள் வந்தால் மறியல் நடக்கும். தலைக்கு மேலே சுற்றினால் காற்று வரவில்லை என்று குறைப்படுகிறோம். பறவையின் தரப்பையும் கேட்க வேண்டும். பருந்துக்கு அஞ்சி வாழ்ந்த இனம் என்பதால், பதறினால் அது மேலே பறந்து அறையின் மிக உயர்ந்த இடத்தைத் தேடும். அந்த உயர்ந்த இடத்தில் நாம் ஃபேனை மாட்டியிருக்கிறோம். இதில் மின்வெட்டுக்குத் தனிப்பங்கு உண்டு. கரண்ட் போனதும் ஃபேன் நிற்கிறது, சுவிட்சை யாரும் அணைப்பதில்லை, வியர்வையைத் துடைத்துக்கொண்டே கூண்டைத் திறந்துவிடுகிறார்கள், கிளி தூசி படிந்த இறக்கையில் போய் உட்கார்ந்து அலகைத் தீட்டுகிறது, கரண்ட் வருகிறது. வீடே மகிழும் கணம், அங்குள்ள ஓர் உயிருக்கு மட்டும் கடைசிக் கணமாகிவிடுகிறது.

மூன்றாம் சான்று நறுமணம் என்னும் பெயரில் உலவும் புகை. மூடிய அறையில் எரியும் ஒரு கொசுவர்த்திச் சுருள், 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு இணையான நுண்துகள்களைக் காற்றில் விடக்கூடும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதோடு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, ஊதுபத்தி, அலமாரிப் பாச்சை உருண்டை, குளியலறை ஸ்பிரே, மிளகாய் வற்றல் தாளிப்பு ஆகியவற்றைக் கூட்டிக்கொள்க. மிளகாய் நெடி ஏறினால் நாம் தும்மிக்கொண்டே ஜன்னலைத் திறப்போம்; ஜன்னலைத் திறக்க முடியாத ஒரு ஜீவன் அதே அறையில் இருக்கிறது.

இனி மறுப்புரைகள். பறவைக்குப் பகை பூனையே, பொருள்களைப் பழிப்பது வீண் என்பாரும் உளர். பூனை ஆபத்துதான், அதன் நகக்கீறல் சிறிதாயினும் அதிலுள்ள கிருமி கிளியைக் கொல்லப் போதும். ஆயினும் பூனை தன் நோக்கத்தை ஒளிப்பதில்லை. அதைக் கண்டதும் பாட்டி சூ கொட்டுவார், குழந்தை கத்தும், கிளியே கிறீச்சிடும். ஃபேனைக் கண்டு சூ கொட்டிய பாட்டி எவரும் இலர். அறிவிக்கப்பட்ட பகைக்குக் காவல் உண்டு. வாரண்டி அட்டையோடு வரும் பகைக்கு இல்லை. ஆகவே அம்மறுப்பு நம் விதியையே வலுப்படுத்துகிறது.

கூண்டுக்குள் இருப்பதற்கு என்ன ஆபத்து என்பது அடுத்த வினா. புகைக்குக் கம்பி தடையாகாது என்பது ஒரு விடை. கம்பியே தடையாகாமல் நஞ்சாவதும் உண்டு என்பது மற்றொன்று. மலிவான ஜி.ஐ. கம்பிக் கூண்டு துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகம் பூசப்பட்டது. கிளிக்குக் கொறிப்பதுதான் தொழில். கொறித்த பூச்சு வயிற்றில் சேர்ந்தால் துத்தநாக நஞ்சேறும். துருப்பிடிக்கக் கூடாதென்ற அக்கறை கூண்டின் மீது காட்டப்பட்டது, குடியிருப்பவர் மீது அல்ல. துருவேறா எஃகுக் கூண்டு விலை கூடுதல். அதை வாங்க முடியாதவர் புதுக் கூண்டை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்த வெண்பொடியாவது போகும்.

தாத்தா வீட்டில் விறகடுப்புப் புகையிலேயே கிளி நெடுநாள் வாழ்ந்ததே என்பது மூன்றாவது மறுப்பு, வலுவானதும்கூட. விறகுப் புகையும் கேடுதான், அதை மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. ஆனால் ஓட்டுக்கூரையில் இடுக்கு இருந்தது, நடுவில் முற்றம் இருந்தது, கூண்டு திண்ணையில் தொங்கியது. அன்றைய வீட்டில் காற்று தங்க முடியாத அளவுக்கு வசதிக் குறைவு. இன்றைய ஃபிளாட்டில் ஏசி குளிர் வீணாகாதபடி ஜன்னல் இடுக்குகள் அடைக்கப்பட்டுள்ளன. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர்கூட இல்லை. தாத்தாவின் கிளியைக் காத்தது தாத்தாவின் அன்பா, அவருடைய வறுமையா என்றால், சான்றுகள் வறுமையின் பக்கமே சாய்கின்றன.

அப்படியானால் வசதிகளை விட்டுவிடுவதா எனின், அது வேண்டியதில்லை. எதிர்விகிதத்தில் ஒரு பக்கத்தைச் சற்றே குறைத்தால் மறுபக்கம் தானே ஏறும். கூண்டைச் சமையலறையிலிருந்து தொலைவில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பறவை உள்ள வீட்டில் இரும்புக்கல்லோ எவர்சில்வரோ புழங்கட்டும். பறக்கவிடும்போது கண்ணாடி ஜன்னலுக்குத் திரை போடுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியை மூடுங்கள். கதவின் மேல் விளிம்பைப் பார்க்காமல் கதவைச் சாத்தாதீர்கள். பட்டர் ஃப்ரூட் நமக்கு ஜூஸ், சாக்லேட் நமக்கு விருந்து, கிளிக்கு இரண்டும் நஞ்சு. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால், அது தூக்கமல்ல. உடனே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

முடிவாக, இவ்வாய்வு அரசையோ விஞ்ஞானிகளையோ கோருவது எதுவுமில்லை. கோரிக்கை வீட்டுக்காரரிடம் மட்டுமே. கூண்டுக் கதவைத் திறக்கும் முன் ஃபேன் சுவிட்சை அணையுங்கள். கரண்ட் இல்லாதபோதும் அணையுங்கள்.